வீடு திரும்பிய மாலுமி

அண்டார்டிகா கதைகள் பிடித்தவர்களிடம் பேசினால் ஒன்று தெரியும், நூறு வருஷத்துக்கு முன் அங்கே பயணம் நடத்திய தலைவர்களில் யாராவது ஒருவர் கட்சியில் எல்லாரும் இருப்பார்கள். ஒருவர் ஸ்காட் கட்சி, இன்னொருவர் ஷாக்கிள்டன் கட்சி, கொஞ்சம் கறாரான ஆளாக இருந்தால் அமுண்ட்சென் கட்சி. எனக்குக் கட்சி கிடையாது. எனக்குப் பிடித்தவர் ஸ்காட்டிடமும் வேலை பார்த்திருக்கிறார், ஷாக்கிள்டனிடமும் வேலை பார்த்திருக்கிறார், மொத்தம் மூன்று தடவை அந்தப் பனிக்குப் போய்விட்டு உயிரோடு ஊர் திரும்பி, கல்யாணம் செய்துகொண்டு, ஒரு சின்ன பப் வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகு அதைப்பற்றி வாயே திறக்காமல் இருந்துவிட்டுச் செத்துப்போனவர். பெயர் டாம் கிரீன். அயர்லாந்துக்காரர்.

அவரைப்பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் 1912-இல் அவர் தனியாக நடந்த நடையைத்தான் எழுதுகிறார்கள். எழுத வேண்டியதுதான், நானும் எழுதப்போகிறேன், அதை விட முடியாது. ஆனால் என் மனதில் அதிகம் நிற்பது அவர் வீட்டில் இருந்த காலம். அதற்குக் காரணம் நான் ஒரு கப்பல்காரர் வீட்டுப் பிள்ளை. அப்பா சரக்குக் கப்பலில் எஞ்சின் அறையில் இருந்தார். கப்பலில் போகிறவரைப்பற்றி ஊரே கதை சொல்லும். அவர் லீவில் வந்து வீட்டில் இருக்கும்போது என்ன மனிதராக இருக்கிறார் என்பது அந்த வீட்டுக்காரர்களுக்கு மட்டும்தான் தெரியும்.

கிரீன் பிறந்தது 1877-இல், அயர்லாந்தின் தென்மேற்கு மூலையில் கெர்ரி மாவட்டத்தில், டிங்கிள் தீபகற்பத்தில் அன்னஸ்கால் என்ற ஊருக்குப் பக்கத்தில். நிறையப் பிள்ளைகள், கொஞ்சம் நிலம், அதுவும் கல்லும் ஈரமுமான நிலம். அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு ஓடிப்போய்க் கடற்படையில் சேர்ந்தார் என்பது ஊர்க்கதை. மாடு உருளைக்கிழங்குக் கொல்லையில் புகுந்துவிட்டது, இவன் பார்க்காமல் விட்டுவிட்டான் என்பதற்காகச் சண்டையாம். உண்மையோ பொய்யோ, 1893-இல் பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்தது உண்மை. அப்போது கடற்படைப் பதிவேட்டில் எழுதப்பட்ட பிறந்த தேதி 1877 ஜூலை மாதம், தேவாலயத்தில் ஞானஸ்நானப் பதிவு பிப்ரவரி மாதம். பையன்கள் வயதை மாற்றிச் சொல்வது அந்தக் காலத்தில் அதிசயமில்லை, ஆனால் இவர் வயதைக் குறைத்துச் சொல்லியிருக்கிறார் போல, அது ஏன் என்று யோசித்துப் பார்த்தும் எனக்கு விளங்கவில்லை.

அடுத்த எட்டு வருஷம் சாதாரணக் கடற்படை வாழ்க்கை. பதவி உயர்வு வரும், ஏதாவது செய்து பதவி இறக்கமும் வரும். 1901 டிசம்பரில் நியூசிலாந்துப் பக்கம் ரிங்கரூமா என்ற கப்பலில் இருக்கும்போது ஏதோ குற்றத்துக்காக அவரை மறுபடியும் சாதாரண மாலுமியாக இறக்கிவிட்டார்கள். என்ன குற்றம் என்பது பதிவில் இல்லை. அதே நேரத்தில் லிட்டல்டன் துறைமுகத்தில் ஸ்காட்டின் டிஸ்கவரி கப்பல் தெற்கே புறப்படத் தயாராக நிற்கிறது. அதிலிருந்த ஒரு மாலுமி மேலதிகாரியை அடித்துவிட்டு ஓடிப்போய்விட, ஒரு இடம் காலி. கிரீன் கையைத் தூக்கினார். பதவி இறங்கிச் சில நாள்தான் ஆகியிருந்தது. இப்படி ஒருத்தன் ஓட, இன்னொருத்தனுக்கு வழி திறந்ததுதான் ஆரம்பம். பெரிய இலட்சியம், துருவக் கனவு எதுவும் அதில் இருந்ததாகத் தெரியவில்லை.

டிஸ்கவரி பயணம் 1904 வரை. குதிரையும் நாயும் செய்ய வேண்டிய வேலையை மனிதர்கள் செய்தார்கள், அதாவது சேணத்தை மாட்டிக்கொண்டு சறுக்குவண்டியை இழுத்தார்கள். கிரீன் அந்தப் பயணத்தில் 149 நாள் சேணத்தில் இருந்திருக்கிறார். ஸ்காட்டுக்கு இவரைப் பிடித்துப்போய்விட்டது. பிறகு தான் பொறுப்பேற்ற கடற்படைக் கப்பல்களுக்கெல்லாம் கூடவே அழைத்துப் போனார், 1910-இல் டெர்ரா நோவா கப்பலில் மறுபடி தெற்கே கிளம்பும்போதும் முதலில் கூப்பிட்ட ஆட்களில் ஒருவர் இவர்.

சரி, அந்த நடை.

1912 ஜனவரி 4. துருவத்துக்கு இன்னும் ஏறத்தாழ 270 கிலோமீட்டர். அங்கிருந்து யார் ஸ்காட்டோடு போவது, யார் திரும்புவது என்று முடிவாகிவிட்டது. கிரீனுக்குத் திரும்புகிற பட்டியல். சேதி கேட்டு அவர் அழுததை ஸ்காட்டே தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். 34 வயது, பத்து வருஷ உழைப்பு, வாசல் வரை வந்துவிட்டுத் திரும்ப வேண்டும் என்றால் அழுகை வராதா? திரும்பியவர்கள் மூன்று பேர்: லெப்டினன்ட் டெடி எவன்ஸ், வில்லியம் லாஷ்லி, கிரீன். முன்னால் கிடப்பது ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர்.

வழியில் பியர்ட்மோர் பனியாற்றின் மேல்பகுதியில் வழி தவறியது. சுற்றிப் போனால் மூன்று நாள், அந்த மூன்று நாளுக்குச் சாப்பாடு இல்லை. மூன்று பேரும் சறுக்குவண்டியில் உட்கார்ந்து, பிளவுகள் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும் பனிச்சரிவில் சுமார் 600 மீட்டர் கீழே சறுக்கினார்கள். பைத்தியக்காரத்தனம்தான். பிழைத்தார்கள். ஆனால் எவன்ஸுக்கு ஸ்கர்வி, அதாவது வைட்டமின் சி இல்லாமல் வரும் நோய், வந்துவிட்டது. முதலில் கால் வலி, பிறகு நிற்க முடியவில்லை, கடைசியில் அவரையே சறுக்குவண்டியில் கட்டி இழுக்க வேண்டியதாயிற்று. என்னை விட்டுவிட்டுப் போங்கள் என்று உத்தரவு போட்டார். கடற்படையில் உத்தரவை மீறுவது சின்ன விஷயமில்லை. இருவரும் மீறினார்கள். ஒரு தடவை எவன்ஸ் மயங்கி விழுந்தபோது செத்துவிட்டார் என்றே நினைத்து கிரீன் குனிந்து அழ, அந்தச் சூடான கண்ணீர் முகத்தில் விழுந்துதான் தனக்கு நினைவு திரும்பியது என்று எவன்ஸ் பின்னால் எழுதினார். அந்த எவன்ஸ் கடற்படையில் அட்மிரல் வரை போய், பிரபுப் பட்டமும் வாங்கினார் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

பிப்ரவரி 18. ஹட் பாயிண்ட் என்ற இடத்தில் இருந்த பயணக் குழுவின் குடிசைக்கு இன்னும் 56 கிலோமீட்டர். இனி இழுக்க முடியாது. லாஷ்லி நோயாளியோடு கூடாரத்தில் தங்க, கிரீன் கிளம்பினார். கூடாரம் கிடையாது, படுக்கைப் பை கிடையாது, அடுப்பு கிடையாது. பையில் மூன்று பிஸ்கட், இரண்டு துண்டு சாக்லேட். நடுவில் எங்கோ ஓர் இடத்தில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து இரண்டு பிஸ்கட்டைத் தின்றுவிட்டு மூன்றாவதைப் பையிலேயே வைத்துக்கொண்டாராம். அந்த மூன்றாவது பிஸ்கட்டை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். பஞ்சம் பார்த்த நாட்டில் பிறந்தவன் செய்கிற வேலை அது. ஏறத்தாழ 18 மணி நேரம் நடந்து, வழுக்கி விழுந்து, மறுநாள் விடியலுக்கு முன் குடிசைக்கு வந்து சேர்ந்தார். அங்கே நல்ல காலம், டாக்டர் அட்கின்சன் இருந்தார், நாய்களும் இருந்தன. இவர் உள்ளே வந்த அரை மணி நேரத்தில் பனிப்புயல் தொடங்கிவிட்டது. அது ஓய்ந்ததும் போய் இருவரையும் மீட்டார்கள்.

இதில் ஒன்றை அதிகம் பேர் சேர்த்துப் பார்ப்பதில்லை. கிரீன் கிளம்பியதற்கு முந்தின நாள், பிப்ரவரி 17, அவருடைய நெருங்கிய கூட்டாளி எட்கர் எவன்ஸ் (அதே பெயர், வேறு ஆள், துருவத்துக்குப் போன ஐவரில் ஒருவர்) பியர்ட்மோர் அடிவாரத்தில் இறந்துபோனார். கிரீனுக்கு அது தெரியாது. அந்த வருஷம் நவம்பரில் தேடப்போன கூட்டத்தில் கிரீனும் இருந்தார். துருவத்திலிருந்து திரும்பும் வழியில் ஸ்காட்டும் வில்சனும் பௌவர்ஸும் இறந்து கிடந்த கூடாரத்தைக் கண்டுபிடித்தது அந்தக் கூட்டம்தான். பத்து வருஷத்துக்கு மேல் பின்னால் போன தலைவனை அப்படிப் பார்க்க வேண்டியிருந்தது. அடுத்த வருஷம் லண்டன் அரண்மனையில் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் கையால் அவருக்கும் லாஷ்லிக்கும் உயிர் காப்பாற்றியதற்கான ஆல்பர்ட் பதக்கம்.

மனுஷன் அதோடு நிறுத்தினாரா? 1914-இல் ஷாக்கிள்டனோடு எண்டியூரன்ஸ் கப்பலில் இரண்டாம் அதிகாரியாகக் கிளம்பிவிட்டார். அந்தக் கதை உலகத்துக்கே தெரியும் என்பதால் ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். பனி பிடித்துக்கொண்டது, கப்பல் நசுங்கி 1915 நவம்பரில் மூழ்கியது, 28 பேரும் பனியில் மாதக்கணக்கில் மிதந்து, படகுகளில் எலிஃபன்ட் தீவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அங்கிருந்து ஏழு மீட்டர்கூட இல்லாத ஒரு படகில் ஆறு பேர் உதவி தேடி 800 கடல்மைல் கடந்து தெற்கு ஜார்ஜியா தீவுக்குப் போனார்கள். அந்த ஆறில் ஒருவர் கிரீன். சுக்கான் பிடிக்கும்போது எப்போதும் ஏதோ பாடிக்கொண்டே இருப்பார், என்ன பாட்டு என்று யாருக்கும் பிடிபடாது, ராகமும் கிடையாது, ஆனாலும் கேட்கச் சந்தோஷமாக இருக்கும் என்று ஷாக்கிள்டன் சொல்லியிருக்கிறார். பிறகு அந்தத் தீவின் மலைகளை ஷாக்கிள்டன், கப்பலின் கேப்டன் வோர்ஸ்லி, கிரீன் மூவரும் 36 மணி நேரம் தூங்காமல் கடந்து ஸ்ட்ராம்னஸ் திமிங்கிலவேட்டை நிலையத்துக்கு வந்து நின்றார்கள். 1916 ஆகஸ்ட் 30-இல் தீவில் விட்டுவந்த 22 பேரும் உயிரோடு மீட்கப்பட்டார்கள்.

அந்தப் பயணத்தில் எடுத்த ஒரு புகைப்படம் இருக்கிறது. பயணத்தின் புகைப்படக்காரர் ஃபிராங்க் ஹர்லி எடுத்தது. கிரீன் இரண்டு கையிலும் நாய்க்குட்டிகளை அள்ளி வைத்துக்கொண்டு நிற்கிறார். கப்பலில் சாலி என்ற நாய் போட்ட குட்டிகள் நான்கு, வளர்த்தது இவர். பனியில் சாப்பாடு தீர்ந்துகொண்டு வந்தபோது நாய்களைச் சுட்டுவிட்டார்கள், அந்தக் குட்டிகளையும் சேர்த்து. அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் இந்த ஆள் பிள்ளை வளர்க்க வேண்டியவர் என்று எனக்குத் தோன்றும்.

அதுவும் நடந்தது. ஊர் திரும்பி 1917 செப்டம்பரில், நாற்பது வயதில், அன்னஸ்காலைச் சேர்ந்த எலன் ஹெர்லிஹியைக் கல்யாணம் செய்துகொண்டார். நெல் என்று கூப்பிடுவார்கள். உலகப்போர் நடந்துகொண்டிருந்ததால் கல்யாணம் முடிந்த கையோடு மறுபடி கடற்படை. இதற்குள் போசன், அதாவது கப்பல் தள வேலைகளைக் கவனிக்கும் அதிகாரி, பதவி கிடைத்திருந்தது. கடைசிக் கப்பல் ஹெக்லா. அதில் ஒரு தடவை மோசமாகக் கீழே விழுந்ததில் கண்பார்வை பாதித்தது. 1920 மார்ச்சில் உடல்நிலை காரணமாக ஓய்வு. ஏறத்தாழ 27 வருஷச் சேவை. பனிப்பிளவும் தென்கடலும் ஒன்றும் செய்ய முடியாத ஆளைக் கப்பல் தளத்தில் ஒரு வழுக்கல் வீட்டுக்கு அனுப்பியது.

அவர் திரும்பிய அயர்லாந்து அவர் விட்டுப்போன அயர்லாந்து இல்லை. எலிஃபன்ட் தீவிலிருந்து அந்தச் சின்னப் படகு கிளம்பிய நாள் 1916 ஏப்ரல் 24. அதே நாளில்தான் டப்ளினில் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான ஈஸ்டர் எழுச்சி வெடித்தது. இவருக்கு அது அப்போது எப்படித் தெரியும்? 1920-இல் இவர் ஓய்வு பெற்று வரும்போது விடுதலைப் போர் உச்சத்தில். பிரிட்டிஷ் சீருடை போட்டவன் என்றாலே சந்தேகம். இவருடைய அண்ணன்தம்பிகளில் ஒருவரான கொர்னீலியஸ் போலீஸ் சார்ஜென்ட். கிரீன் ஓய்வு பெற்ற அடுத்த மாதமே, 1920 ஏப்ரலில், கார்க் மாவட்டத்தில் விடுதலைப் படையான ஐ.ஆர்.ஏ. பதுங்கித் தாக்கியதில் கொர்னீலியஸ் கொல்லப்பட்டார். ஒரே வீட்டில் ஒருவர் மன்னரிடம் பதக்கம் வாங்கியவர், இன்னொருவர் மன்னரின் போலீஸில் இருந்ததற்காகச் சுடப்பட்டவர். இந்த நிலையில் ஊர்ச் சந்தியில் நின்று நான் ஸ்காட்டோடு போனேன், ஷாக்கிள்டனோடு போனேன் என்று பேச முடியுமா?

அவர் பேசாததற்கு எல்லாரும் சொல்லும் காரணம் இந்த அரசியல்தான். பாதி சரி என்பேன். மகள்கள் முதிர்ந்த வயதில் சொன்னது வேறு மாதிரி. பதக்கங்களை ஒரு பெட்டியில் போட்டு வைத்தார், அவ்வளவுதான், வீட்டுக்குள்கூட அந்தப் பேச்சு கிடையாது என்றுதான் அவர்கள் நினைவுகூர்ந்தார்கள். வீட்டுக்குள் யாருக்குப் பயம்? எனக்கு என் அப்பாதான் நினைவுக்கு வருகிறார். தூத்துக்குடியில் எங்கள் தெருப் பையன்கள் எல்லாம் அவரிடம் புயலைப்பற்றிக் கேட்பார்கள். அவர் எந்தத் துறைமுகத்தில் என்ன மீன் கிடைக்கும், எந்த ஊர் சமையல்காரன் சாம்பாரைக் கெடுத்தான் என்றுதான் சொல்வார். கேட்கிறவனுக்கு ஏமாற்றமாக இருக்கும். பிறகு ஒரு வயதில்தான் எனக்குப் புரிந்தது, புயலை வீட்டுக்குள் கொண்டுவந்தால் அடுத்த தடவை அவர் கிளம்பும்போது அம்மா தூங்கமாட்டாள். கூடாரத்துக்குள் கிடந்த மூன்று பேரைப்பற்றி கிரீன் சின்னப் பெண்பிள்ளைகளிடம் என்னவென்று சொல்லியிருப்பார்?

பெண்பிள்ளைகள் மூன்று பேர், மேரி, கேட், எய்லீன். நடுப்பெண் கேட் நான்கு வயதில், 1924-இல் இறந்துவிட்டாள். அவருடைய வாழ்க்கையை எழுதும்போது இதை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள், தகவல் குறைவு என்பதால். இறந்தவர்களைப் பார்த்துப் பழகிய ஆள், அதனால் தாங்கிக்கொண்டிருப்பார் என்றெல்லாம் நினைக்க எனக்கு மனம் வரவில்லை.

இதற்கு நடுவில் 1921-இல் ஷாக்கிள்டனிடமிருந்து அழைப்பு. குவெஸ்ட் என்ற கப்பலில் இன்னொரு பயணம், பழைய ஆட்கள் பலர் வருகிறார்கள், நீயும் வா. இருபது வருஷமாக யார் கூப்பிட்டாலும் கிளம்பிய மனிதர் இந்தத் தடவை மாட்டேன் என்றார். இப்போது எனக்கு நீளமுடிக் கூட்டாளி ஒருத்தி இருக்கிறாள் என்று வேடிக்கையாகப் பதில் சொன்னாராம். அவர் நடந்த அந்த 56 கிலோமீட்டரை எல்லாரும் தைரியம் என்கிறார்கள், நானும் மறுக்கவில்லை, ஆனால் அங்கே நடக்காவிட்டால் சாவு, வேறு வழி இல்லை. 1921-இல் வழி இருந்தது. சம்பளமும் பெயரும் பழைய தோழர்களும் ஒரு பக்கம், மறுபக்கம் மழை ஓயாத ஒரு கிராமமும் இரண்டு கைக்குழந்தைகளும். அடுத்த ஜனவரியில் ஷாக்கிள்டன் தெற்கு ஜார்ஜியாவில் மாரடைப்பில் இறந்தார், அங்கேயே புதைத்தார்கள்.

கிரீன் பப் திறந்தார். ஊரின் நடுவில், ஆற்றுப்பாலத்துக்குப் பக்கத்தில். சவுத் போல் இன், அதாவது தென்துருவ விடுதி என்று பெயர் வைத்தார். வாயால் சொல்லாததை வாசல் பலகையில் எழுதி வைத்த ஆள் என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். கடையை நடத்தியது பெரும்பாலும் நெல். இவர் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டார், நாய்களைக் கூட்டிக்கொண்டு நடப்பார், புகைக்குழாய் பிடிப்பார். இளம்வயதில் கழுத்தில் போட்டுக்கொண்ட ஸ்காபுலர் என்கிற பக்திப்பட்டையைக் கடைசிவரை கழற்றவே இல்லை.

கப்பல்காரர் வீடு திரும்பி நிரந்தரமாக இருப்பது சொல்வதுபோல எளிதல்ல. வீடு அவரில்லாமல் ஓடப் பழகியிருக்கும். எங்கள் வீட்டில் அப்பா ஓய்வு பெற்று வந்த புதிதில் அரிசி எந்த டப்பாவில் இருக்கிறது என்பதிலிருந்து கரண்ட் பில் யார் கட்டுவது என்பது வரை எல்லாவற்றிலும் அவர் விருந்தாளி. அம்மாவுக்குக் கோபமும் வரும், பாவமாகவும் இருக்கும். நெல்லுக்கும் அப்படி இருந்திருக்கும்தான். கல்லாவை அவர் கையில் விட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போன கிரீன் புத்திசாலி என்று நினைக்கிறேன்.

1938 ஜூலையில் கடுமையான வயிற்றுவலி. குடல்வால் அழற்சி. டிராலி மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் அங்கே அறுவைசிகிச்சை செய்ய டாக்டர் இல்லை. அங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் உள்ள கார்க் நகரத்துக்கு அனுப்பினார்கள். அறுவைசிகிச்சை நடந்தது, ஆனால் அதற்குள் உள்ளே வெடித்துச் சீழ் பரவிவிட்டது. ஒரு வாரம் கிடந்து ஜூலை 27-இல் இறந்தார். வயது 61. இன்னொருவருக்காக டாக்டரைத் தேடி அத்தனை தூரம் நடந்தவர். பாலினகோர்ட்டி கல்லறைத்தோட்டத்தில், அவர் தானே கட்டி வைத்திருந்த குடும்பக் கல்லறையில் அடக்கம் செய்தார்கள்.

அப்புறம் வெகுகாலம் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அவர் நாட்குறிப்பு எழுதி வைத்தவரும் இல்லை. நமக்குத் தெரிந்ததெல்லாம் ஸ்காட், லாஷ்லி, எவன்ஸ், ஷாக்கிள்டன் இவர்கள் எழுத்தில் ஓரமாக வருவதுதான். 2003-இல்தான் பப்புக்கு எதிரே வெண்கலச் சிலை வைத்தார்கள், கையில் நாய்க்குட்டிகளோடு. 2022-இல் சேவைக்கு வந்த அயர்லாந்து அரசின் கடல் ஆய்வுக் கப்பலுக்கும் அவர் பெயர்தான். பப் இன்னும் நடக்கிறது.

எனக்கு இந்தக் கதையில் யாரிடமாவது பேச வாய்ப்புக் கிடைத்தால் கிரீனிடம் போகமாட்டேன், அவர் எப்படியும் வாய் திறக்கப்போவதில்லை. நெல்லிடம்தான் கேட்பேன், ஷாக்கிள்டனின் அழைப்பு வந்த அன்று வீட்டில் என்ன பேச்சு நடந்தது என்று. நீளமுடிக் கூட்டாளி என்ற வேடிக்கை வெளியே போன பதில். உள்ளே நடந்தது வேறாக இருந்திருக்கலாம். அந்த இடத்தில் என் அம்மா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்கு நன்றாகத் தெரியும்: "தாராளமா போங்க, யார் வேண்டாம்னா? இந்தத் தடவை இதுங்க ரெண்டையும் கூட்டிட்டுப் போங்க."